ஒரு தொட்டி, பத்து ஆண்டு

மொட்டை மாடியில் கஞ்சா வளர்த்தால் என்ன ஆகும்? திருவண்ணாமலையிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

கந்தாசிரமத்துப் பாறையில் நின்று கீழே பார்த்தால் திருவண்ணாமலை முழுசும் கண்ணில் அடங்கிவிடும். நடுவே அண்ணாமலையார் கோயிலின் கோபுரங்கள், சுற்றிலும் மாட வீதிகள், அதற்கப்பால் பார்வை எட்டும் தூரம்வரை மொட்டை மாடிகள். கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் வேட்டி, பாயில் காயும் வடகம். பழைய பெயின்ட் டப்பாவில் துளசி, அரிசிச் சாக்கில் கத்தரி, கைப்பிடிச் சுவரில் படரும் கோவக்கொடி. செங்கம் சாலையை ஒட்டிய ஆசிரமத் தெருக்களில் பச்சை நிழல்வலை கட்டிய மாடித்தோட்டங்கள் அதிகம். மண்புழு உரம், பஞ்சகவ்யம், நாட்டு விதை என்று சொந்தக் கையால் வளர்த்துச் சாப்பிடும் ஆசை இந்த ஊரில் நன்றாகவே வேர் பிடித்திருக்கிறது.

அந்த ஆசையின் ஓரத்தில்தான் இப்போது இன்னொரு பேச்சும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் கனடாவிலும் ஜெர்மனியிலும் கலிஃபோர்னியாவிலும் கஞ்சா வளர்ப்பவர்கள் வீட்டுத் தோட்டப் பாடம் நடத்துகிறார்கள். விதையில் தொடங்குவதா, தாய்ச்செடியிலிருந்து வெட்டிய குளோன் வாங்குவதா, தொட்டி மண்ணை மூட எந்தப் பயிரை விதைப்பது என்று தக்காளிச் செடியைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுகிறார்கள். பார்க்கிற நம் பிள்ளைக்கும் அது தோட்டக்கலையாகத்தான் தெரியும். ‘வாங்கினால்தானே தப்பு, விற்றால்தானே தப்பு? எனக்கு மட்டும் ஒரு செடி வளர்த்தால் யாருக்கு நஷ்டம்?’ என்று நினைக்கிறான்.

அந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டம் சொல்லும் பதில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் முதல்முறை கேட்டபோது நம்பியிருக்க மாட்டார்கள்.

பெங்களூரு பால்கனி

2024 நவம்பர். இங்கிருந்து 200 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூருவின் எம்.எஸ்.ஆர். நகர். சிக்கிமிலிருந்து வந்து சிற்றுண்டிக் கடை நடத்திவந்த ஓர் இளம் தம்பதி. மனைவிக்குச் செடிகள் மேல் ஆசை. பால்கனியில் 17 தொட்டிகள். ஒருநாள் அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார். பூச்செடிகளோடு சேர்ந்து இரண்டு தொட்டிக் கஞ்சாவும் படத்தில் விழுந்தது. பார்த்தவர்களில் யாரோ காவல்துறைக்குத் தகவல் கொடுத்தார்கள். போலீஸ் வருவதற்குள் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். ஆனால் தொட்டியில் சில இலைகள் கிடந்தன, கைப்பேசியில் படமும் இருந்தது. கைப்பற்றப்பட்டது 54 கிராம். கணவன், மனைவி இருவர் மீதும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வழக்கு.

54 கிராம் என்பது இரண்டு கைப்பிடிகூடத் தேறாது. ஆந்திர எல்லையிலிருந்து பிரவுன் டேப் சுற்றி, செங்கல்போல இறுக்கி அழுத்தி, ரயில் இருக்கைக்கு அடியில் வரும் ஒரே ஒரு பண்டல் அதைப்போல முப்பது, நாற்பது மடங்கு இருக்கும். அப்படியிருந்தும், பண்டல் சுமக்காத, ஒரு ரூபாய்க்கும் விற்காத ஒருவர், தொட்டியில் வளர்த்த ஒரே காரணத்தால் எந்த வரிசையில் போய் நிற்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

விதைக்கும் செடிக்கும் நடுவில்

1985 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் கஞ்சாவுக்குக் கொடுக்கும் விளக்கம் நுணுக்கமானது. பூத்த அல்லது காய்த்த நுனிதான் கஞ்சா. நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த விளக்கத்துக்குள் வராது. வட இந்தியாவில் சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் பாங் கடைகள் திறந்திருப்பது இந்த இடைவெளியால்தான். தமிழ்நாட்டில் அந்த இடைவெளியும் கிடையாது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் கஞ்சா இலையையும் போதைப்பொருளாகவே பட்டியலிட்டிருக்கிறது. ‘காசியில் கிடைக்கிறதே’ என்ற வாதம் காட்பாடி தாண்டினால் செல்லாது.

செடி என்று வரும்போது மத்தியச் சட்டம் இந்த நுணுக்கத்தையெல்லாம் கைவிட்டுவிடுகிறது. கஞ்சா இனத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் கஞ்சாச் செடிதான். பூத்ததா, பூக்கவில்லையா, ஆணா, பெண்ணா, விதையில் முளைத்ததா, வேர்விட்ட குளோனா என்று சட்டம் கேட்பதில்லை. அனுமதியின்றிப் பயிரிட்டால் பத்து ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். பிரிவு 20(ஏ).

இதில்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது. கையில் வைத்திருந்த கஞ்சா என்றால் எடைக்கு ஏற்பத் தண்டனை மாறும். ஒரு கிலோவுக்குக் கீழ் ‘சிறிய அளவு’. அதற்கு ஓராண்டுவரை சிறை அல்லது பத்தாயிரம்வரை அபராதம் அல்லது இரண்டும். பயிரிட்டதற்கு இப்படிப் படிநிலை எதுவும் இல்லை. மலைச்சரிவில் ஐந்து ஏக்கர் போட்டவனும், மாடியில் ஒரு தொட்டி வைத்தவனும் ஒரே வரியில் நிற்கிறார்கள். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் விதிக்கப்படவில்லை என்பதால் நீதிபதி குறைத்துக் கொடுக்கலாம். ஆனால் வழக்கு பதிவாகும் அன்று முதல் தகவல் அறிக்கையில் ஏறுவது பத்தாண்டுப் பிரிவுதான்.

தெருமுனையில் பொட்டலம் வாங்கிப் பிடிபட்டவனுக்கு ஓராண்டுத் தண்டனைக்குள் முடிகிற வழக்கு. ‘அந்தக் கும்பலோடு எனக்கு எந்தச் சகவாசமும் வேண்டாம், நானே வளர்த்துக்கொள்கிறேன்’ என்று ஒதுங்கியவனுக்குப் பத்தாண்டு வழக்கு. ஒதுங்கியவன் பத்து மடங்கு ஆழத்தில் கால் வைத்திருக்கிறான். என் பார்வையில் இது நியாயமான ஏற்பாடு அல்ல. ஆனாலும் இன்றைய தேதியில் இதுதான் சட்டம்.

‘தானாக முளைத்தது, எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்பிக்கலாமா? ஒருவருடைய நிலத்தில் செடி நின்றது என்பதை மட்டும் வைத்து அவர்தான் பயிரிட்டார் என்று முடிவுகட்ட முடியாது என அலக் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருவரை விடுவித்திருக்கிறது. இமயமலை அடிவாரத்தில் களையாகவே முளைக்கும் செடி இது; அங்கே அந்த வாதத்துக்கு இடம் உண்டு. மூன்றாவது மாடியில், தொட்டிக்குள், சொட்டுநீர்க் குழாய்க்குக் கீழே தானாக முளைத்தது என்று எந்த நீதிமன்றத்தில் சொல்வது? ஒருவர் பயிரிட்ட இடத்தில் செடி வளர்ந்து நின்றால், குற்றம் இல்லை என்று காட்டும் பொறுப்பையே பிரிவு 54 அவர் தலையில் வைத்துவிடுகிறது.

▣ பெட்டிச் செய்தி: எடையும் தண்டனையும்

கஞ்சா 1 கிலோவுக்குக் கீழ்: ஓராண்டுவரை சிறை அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும்.
1 கிலோ முதல் 20 கிலோவரை: பத்தாண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம்.
20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’: குறைந்தது 10, அதிகபட்சம் 20 ஆண்டு, ஒன்று முதல் இரண்டு லட்சம் அபராதம். ஜாமீன் எளிதில் கிடைக்காது.
கஞ்சாவைப் பயன்படுத்தியதற்கு மட்டும்: ஆறு மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும்.
செடி வளர்த்தல், ஒன்றானாலும்: பத்தாண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம்.

வாடகைக்கு விட்டவர் கவனத்துக்கு

ரமணர் 1896-ல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அவரைத் தேடி வெளிநாட்டவர் வரத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. இன்று ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் குளிர்காலம் முழுக்க ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்ய மொழிகள் காதில் விழும். மாடியை ஆறு மாதத்துக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தியானத்துக்காக வருகிறவர்கள், ஒரு வம்புக்கும் போகாதவர்கள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அவர்களுடைய நாட்டில் சட்டம் மாறிவிட்டது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவர் வீட்டில் மூன்று செடிவரை வளர்க்கலாம். கனடாவில் 2018 அக்டோபர் முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு. தென்னாப்பிரிக்காவில் 2018-ல் அரசியல் சாசன நீதிமன்றமே தனிப்பட்ட முறையில் வளர்க்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. சொந்த ஊரில் ஜன்னலோரம் மூன்று செடி வளர்த்த ஒருவர், சிலும்பி பிடிக்கும் சாதுவையும் சிவன் படத்தையும் இங்கே பார்த்துவிட்டு, ‘இந்தியாவில் இது எப்போதும் உள்ளதுதானே’ என்று நினைத்துக்கொள்வது நடக்கக்கூடியதே. அந்த நினைப்பின் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை.

சட்டத்தின் பிரிவு 25 வீட்டு உரிமையாளரைப் பற்றியது. தன் வீட்டில் இந்தக் குற்றம் நடப்பது தெரிந்தே அனுமதித்தால், குற்றம் செய்தவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை அவருக்கும் உண்டு. பிரிவு 46 இன்னும் நேரடியாக நிலம் வைத்திருப்பவரிடம் பேசுகிறது. தன் நிலத்தில் யாரேனும் சட்டவிரோதமாகக் கஞ்சாச் செடி பயிரிட்டிருப்பது தெரிந்தால் உடனே அதிகாரிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவே குற்றம். கிராம அதிகாரிகளுக்கும் தனியாக இந்தக் கடமை உண்டு.

மாடிக்குப் போகும் சாவியை வாடகைதாரர் கையிலேயே கொடுத்துவிட்டு மாதம் ஒருமுறை வாடகை வாங்க மட்டும் படியேறும் வழக்கம் நம் ஊரில் சகஜம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டிய படிவத்தையே பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு வழக்கு என்று வந்துவிட்டால், ‘எனக்குத் தெரியாது’ என்பதை நிரூபிக்க முதலில் கேட்கப்படுவது அந்தப் படிவமும் வாடகை ஒப்பந்தமும்தான். இரண்டும் இல்லாதவர் ‘தெரிந்தே விட்டார்’ என்ற சந்தேகத்துக்குத் தானே கதவைத் திறந்துவிடுகிறார். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதும், தண்ணீர்த் தொட்டி பார்க்கிற சாக்கில் மாதம் இருமுறை மாடியேறுவதும் யாரையும் அவமதிப்பதாகாது.

ஜவ்வாது மலையின் பழைய கணக்கு

இந்த மாவட்டத்துக்குக் கஞ்சா புதிதல்ல. ஆங்கிலேயர் 1893-ல் கஞ்சா, பாங், சரஸ் பற்றி ஆராய ஓர் ஆணையம் அமைத்தார்கள். டபிள்யூ. மேக்வர்த் யங் தலைமையில் நாடு முழுக்கச் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்து, ஏழு தொகுதி அறிக்கை கொடுத்தது அது. சென்னை மாகாணத்தில் கஞ்சா விளைந்த இடங்களாகப் பதிவானவற்றில் அன்றைய வட ஆற்காடும், ஜவ்வாது மலைப் பகுதியும் உண்டு. அந்த மலையின் ஒரு பெரும் பகுதி இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜமுனாமரத்தூரைச் சுற்றி இருக்கிறது. முழுத் தடை தேவையில்லை, வரியும் உரிமமும் போட்டுக் கட்டுக்குள் வைக்கலாம் என்பது ஆணையத்தின் முடிவு.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறியது. 1961 ஐ.நா. ஒப்பந்தம் கஞ்சாவை ஹெராயினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தது. மரபான பழக்கத்தைப் படிப்படியாக நிறுத்த 25 ஆண்டு அவகாசம் கிடைத்தது. அது தீரும் தறுவாயில், ராஜீவ் காந்தி ஆட்சியில், 1985 சட்டம் வந்தது. பிறகு 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க வாக்கெடுத்தபோது ஆதரவு 27, எதிர்ப்பு 25. ஆதரவாக வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. உள்நாட்டுச் சட்டத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

ஜவ்வாது மலையில் இன்று விளைவது சாமை. அந்த மலைக்காரர்களுக்கு வேறொரு கொடிய அனுபவம் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் பலர் இந்த மலையிலிருந்து கூலிக்குச் செம்மரம் வெட்டப் போனவர்கள். தரகர்கள் பிடிபடவில்லை, மரத்தை வாங்கிய பெரும்புள்ளிகளும் பிடிபடவில்லை. செத்தது கூலிக்காரன். கஞ்சாவிலும் அந்த வரிசை அப்படியே இருக்கிறது. விளைவிப்பவர் ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் ஒரு பழங்குடி விவசாயி. சுமப்பவர் வேலையில்லாத இளைஞர். சிறையில் இருப்பது இவர்கள் இருவரும்தான்.

சரக்கு வரும் பாதை

மாநிலத்தில் பிடிபடும் கஞ்சாவின் பெரும்பகுதி விசாகப்பட்டினத்துக்கு மேற்கே உள்ள மலைப்பகுதியிலும் ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் பக்கத்திலும் விளைகிறது. 2021-ல் ஆந்திரக் காவல்துறை ‘ஆபரேஷன் பரிவர்த்தனா’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் செடிகளை அழித்தது. அதே ஆண்டு டிசம்பரில் தமிழகக் காவல்துறை ‘கஞ்சா வேட்டை’ என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. 2022 மார்ச்சில் 2.0, டிசம்பரில் 3.0, அடுத்த ஆண்டு 4.0 என்று நீண்டது. சொத்து முடக்கம், குண்டர் சட்டத்தில் ஓராண்டு தடுப்புக்காவல் என எல்லா ஆயுதங்களும் எடுக்கப்பட்டன. பொட்டலத்தின் விலை ஏறியது. ‘வாங்க முடியவில்லை, வளர்த்தால் என்ன’ என்ற யோசனைக்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் இருக்கும் திருவண்ணாமலைக்கு 2024 மே மாதத்திலிருந்து சென்னைக் கடற்கரை ரயிலும் வருகிறது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மனிதக் கடல். எத்தனை போலீஸ் நின்றாலும் எத்தனை பைகளைத் திறந்து பார்க்க முடியும்? அதனால் சோதனையின் கண் சட்டென்று காவி வேட்டிமேல் விழுகிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. எட்டு லிங்கங்களுக்கு இடையே மரத்தடியில் கிடக்கும் சாதுக்களில் கஞ்சா பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வேளை அன்னதானச் சோற்றை மட்டும் நம்பி, ஒரு கெட்ட பழக்கமும் இல்லாமல் கிடக்கும் முதியவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் இடம் இல்லாமல் வந்த எத்தனையோ அப்பாக்கள் அந்தக் காவிக்குள் ஒளிந்திருக்கிறார்கள். சந்தேகத்தை அவர்கள்மேல் மொத்தமாகக் கொட்டுவது எளிது. கல்லூரி வாசலில் பொட்டலம் கொடுப்பவன் காவி கட்டுவதில்லை.

வழக்கு என்றால் என்ன

தண்டனை கிடைக்கிறதோ இல்லையோ, வழக்கே ஒரு தண்டனைதான். கைதான அன்றே கைப்பேசி போகும். பிறகு ரிமாண்ட், வேலூர் மத்திய சிறை, ஞாயிறு தவறாமல் பேருந்து பிடித்துப் போகும் அம்மா. வக்கீல் ஃபீஸுக்குத் தங்கச்சியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகும். ஜாமீனில் வந்தவன் காவல் நிலையத்தில் தினமும் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் வெளியூர் வேலை போயிற்று. போலீஸ் வேலைக்கோ அரசுத் தேர்வுக்கோ தயாராகிக்கொண்டிருந்தால் குற்றவியல் வழக்கு விவரத்தை எழுதச் சொல்லும் அந்தக் கட்டத்தில் பேனா நின்றுவிடும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாலும் அதே கேள்வி.

முதல் குற்றம், வயது இருபது, நல்ல குடும்பம் என்று நீதிபதியிடம் கெஞ்சி நன்னடத்தைச் சட்டத்தில் வெளியே வர முடியுமா? மற்ற பல குற்றங்களில் முடியும். இங்கே பிரிவு 33 அந்த வழியை அடைத்துவைத்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கும், பயன்படுத்திய குற்றம் போன்ற ஓரிரு பிரிவுகளுக்கும் மட்டுமே விலக்கு. செடி வளர்த்த இருபது வயதுக்காரனுக்கு அது கிடைக்காது.

உடம்பு சொல்வது

‘மூலிகைதானே’ என்ற பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்கு இடம் உண்டு. எட்டி, சேராங்கொட்டையோடு சேர்த்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்த வேண்டிய நச்சுப் பொருள்களின் பட்டியலில் அரசு அதை வைத்திருக்கிறது. சித்தர்கள் சுத்தி செய்து, அளந்து, நோய்க்குக் கொடுத்த மருந்தை வைத்துத் தினசரிப் புகையை நியாயப்படுத்த முடியாது. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த கன்னாபிடியாலை அரிய வகை வலிப்பு நோய்களுக்கு மருந்தாக அமெரிக்கா 2018-ல் அங்கீகரித்தது உண்மை. அதில் போதை கொடுக்கும் டிஎச்சி இல்லை என்பதும் உண்மை.

இன்றைய ரகங்கள் தாத்தா காலத்துச் செடியும் அல்ல. அமெரிக்காவில் கைப்பற்றிய மாதிரிகளில் 1995-ல் டிஎச்சி சுமார் 4 சதவிகிதம்; 2021-ல் சுமார் 15. குளோன், விதை என்று வெளிநாட்டில் விற்பதெல்லாம் இந்த வீரியத்துக்காகவே பொறுக்கி எடுத்த ரகங்கள். புகைப்பவர்களில் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்வயதில் தொடங்கினால் இந்த விகிதம் கூடுகிறது, மனச்சிதைவின் ஆபத்தும் கூடுகிறது. 2019-ல் வெளியான எய்ம்ஸின் தேசிய ஆய்வின்படி இந்தியாவில் ஓராண்டுக்குள் கஞ்சா, பாங், சரஸ் பயன்படுத்தியவர்கள் 3.1 கோடி; அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 72 லட்சம். மீதிப் பேர் சிக்கலில்லாமல் இருக்கிறார்கள் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்தான் நேர்மையாகப் பேச முடியும்.

▣ பெட்டிச் செய்தி: மாடித்தோட்டக்காரர்கள் பயப்பட வேண்டாம்

மண்ணை மூடும் பயிரும் பசுந்தாள் உரமும் நம் விவசாயத்தின் சொத்து. சணப்பை, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி, தட்டைப்பயறு எதை வேண்டுமானாலும் தொட்டியிலும் வயலிலும் விதைக்கலாம். பூக்கும் பருவத்தில் மடக்கி மண்ணோடு சேர்த்தால் தழைச்சத்து மண்ணுக்குப் போகும். சணப்பை நாருக்காகவும் உரத்துக்காகவும் வளர்ப்பது. கஞ்சாவோடு எந்த உறவும் இல்லாத அவரைக் குடும்பத்துப் பயிர். புளிச்சையின் ஒரு வகையில் இலை விரல்விரலாகப் பிரிந்து, அரம்போன்ற விளிம்போடு, தூரப் பார்வைக்குக் கஞ்சா இலைபோலவே இருக்கும். பூத்தால் செம்பருத்தி சாயலில் வெளிர்மஞ்சளும் நடுவில் கருஞ்சிவப்பும் தெரியும். பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்துப் போன் போடுவதற்குமுன் பூவைப் பார்த்துவிடுங்கள்.

மாற வேண்டியது எங்கே

சட்டம் மாறக்கூடாது என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. சொல்லப்போனால் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. நார், விதை போன்ற தொழில் தேவைக்காகப் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்று 1985 சட்டத்தின் பிரிவு 14-லேயே வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தி உத்தராகண்ட் 2018-ல் 0.3 சதவிகிதத்துக்குக் குறைவான டிஎச்சி உள்ள ரகத்துக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த விதையையும் எண்ணெயையும் மாவையும் உணவாக ஏற்றது. இமாச்சலப் பிரதேசச் சட்டமன்றம் 2024 செப்டம்பரில் மருத்துவ, தொழில் தேவைக்கான சாகுபடி அறிக்கையை ஏற்றுக்கொண்டது. தாய்லாந்து 2022 ஜூனில் கதவைத் திறந்துவிட்டு, 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று பாதி மூடியதையும் கவனிக்க வேண்டும். அவசரமாகத் திறந்தவர்களுக்கும் பாடம் இருக்கிறது.

இவையெல்லாம் உரிமத்தின் கதை. வீட்டுத் தொட்டிக்கு இந்தியாவின் எந்த மாநிலமும் அனுமதி கொடுக்கவில்லை. நாடாளுமன்றம் செய்ய வேண்டிய முதல் வேலை எளிமையானது: பொட்டலத்துக்கு எடை பார்ப்பதுபோல, செடிக்கும் ‘சிறிய அளவு’ ஒன்றை வரையறுப்பது. விற்கிறவனையும் சொந்தப் பழக்கத்தில் விழுந்தவனையும் ஒரே பிரிவில் அடைக்காமலிருப்பது. மூன்று செடியா, ஒன்றா என்று விவாதிக்கலாம். ஒரு செடியும் ஒரு வயலும் சமம் என்பதை எவரும் மனசாட்சியோடு ஆதரிக்க முடியாது.

அதுவரை, வீட்டில் பழக்கத்தில் விழுந்த பிள்ளை இருந்தால் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதவு இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு 64ஏ. பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கிய அடிமை, அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால், அந்தக் குற்றத்துக்காக அவர்மேல் வழக்கு நடத்த முடியாது. பயன்படுத்தியவருக்கும் சிறிய அளவு வைத்திருந்தவருக்கும் பிரிவு 39 இன்னொரு வழி தருகிறது: தண்டிப்பதற்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. செடி வளர்த்தவருக்கு இந்த இரண்டு கதவும் திறக்காது. பழக்கத்தை மாடிக்குக் கொண்டுபோன நாளில் தன்னைக் காப்பாற்றக்கூடிய சட்டப் பாதுகாப்பை அவர் தானே வெளியே வைத்துப் பூட்டிவிடுகிறார்.

காவல் நிலையங்களிலும் கல்லூரிகளிலும் ‘போதைப்பொருள் இல்லாத் தமிழ்நாடு’ பலகைகள் தொங்குகின்றன. அவற்றின் கீழே 64ஏ பற்றி நாலு வரி எழுதிவைக்க அரசுக்கு எந்தச் செலவும் இல்லை. மாவட்ட நிர்வாகம் அடுத்த பௌர்ணமிக்குள் கிரிவலப் பாதையிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

பெற்றோருக்கு: பிள்ளையின் அறையில் சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் அடித்து விரட்டாதீர்கள், ஊருக்குத் தெரியுமே என்று மூடியும் வைக்காதீர்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, இலவசச் சட்ட உதவிக்கு 15100. வழக்கு வருவதற்கு முன்னால் போங்கள்.